வெட்டாங்குளத்தின் பத்தாவது பிள்ளை

கல்வியமைச்சர் தில்லைமணி வெட்டாங்குளம் ஊராட்சித் தொடக்கப் பள்ளியில் மாணவர் சேர்க்கை விழாவை முடித்துக்கொண்டு, கழுத்து மாலையைக் கழற்றி உதவியாளர் ஜெயச்சந்திரன் கையில் கொடுத்துவிட்டு, முன்வாசல் இரும்புக் கதவைத் தாண்டி வெளியே காலை வைத்தார். வைத்த கால் பள்ளியின் பின்பக்கம், சத்துணவுக் கூடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், உள்ளேதான் ஊன்றியது. மேய்ந்துகொண்டிருந்த கோழி ஒன்று விலகிப் போனது. அமைச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி மறுபடி முன்வாசலுக்கு வந்தார், மறுபடி காலை வெளியே வைத்தார், மறுபடி கோழி விலகியது. மணி அப்போது பதினொன்றே முக்கால். அடுத்த நிகழ்ச்சி பன்னிரண்டு மணிக்குக் கமுதியில் என்பதால் எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள்.

காரில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கார் வெளியே போயிற்று, அவர் தொட்டிப் பக்கம் நின்றார். டி.எஸ்.பி. அவரைக் குழந்தையைப் போல் இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார், தாண்டியதும் வெறுங்கையோடு ரோட்டில் நின்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது மனிதரைச் சுற்றுச்சுவர் ஏறிக் குதிக்கவும் வைத்தார்கள், வேட்டி கிழிந்ததுதான் மிச்சம். பத்து வருஷம் பெய்யாமல் இருந்துவிட்டு ஒரே மத்தியானத்தில் பெய்து கண்மாயை உடைத்துவிட்டுப் போகிற மழையோடு குடும்பம் நடத்துகிற ஊர் அது. இது எப்படி நடக்கும் என்று ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. அமைச்சர் மத்தியானம் என்ன சாப்பிடுவார் என்றுதான் கேட்டார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் மாவட்டக் கல்வி அதிகாரி. அமைச்சர் போகிற ஊரிலெல்லாம் பத்திரிகைப் படத்துக்காக அவர் பெயரையே சேர்க்கைப் பதிவேட்டில் முதல் பெயராக எழுதுவது அந்தச் சுற்றுப்பயணத்தின் வழக்கம். தலைமையாசிரியர்கள் பென்சிலில் எழுதி, கார் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அழித்துவிடுவார்கள். நாற்பத்தொரு ஊரில் அப்படி அழித்தாயிற்று. வெட்டாங்குளத்தின் ஒரே ஆசிரியையும் தலைமையாசிரியையுமான ஞானசௌந்தரி டீச்சர் பேனாவில் எழுதியிருந்தார், அதுவும் பிறந்த தேதி, தகப்பனார் பெயர், இடது புருவத்துத் தழும்பு வரைக்கும் கேட்டு நிரப்பி, கையோடு கணினியிலும் ஏற்றியிருந்தார்.

"ஐயா, நீங்க இந்தப் பள்ளியோட மாணவர் ஆயிட்டீங்க. மாற்றுச் சான்றிதழ் இல்லாம வெளிய போக முடியாதுங்கய்யா" என்றார் அதிகாரி.

"சரி, ஒண்ணு எழுதிக் குடுங்க, நேரமாவுது."

"வருஷத்து நடுவுல குடுக்கக் கூடாதுன்னு அரசாணை இருக்குங்கய்யா. யார் பரிந்துரை பண்ணாலும் குடுக்கக் கூடாதுன்னு ஏழாவது பிரிவுல இருக்கு."

"எவன்யா போட்ட ஆணை அது?"

ஜெயச்சந்திரன் மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தியைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

தில்லைமணியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே கொண்டுபோக முடியாது. சிதம்பரம் பக்கத்துச் சலவைத் தொழிலாளியின் மகன் அவர். பத்தொன்பது வயதில் கட்சி மேடை ஏறினார், மூன்று முறை சிறைக்குப் போனார், இரண்டு தேர்தலில் தோற்று நான்கில் ஜெயித்தார், மற்றவர்கள் பொதுப்பணிக்கும் வருவாய்த் துறைக்கும் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது பள்ளிக் கல்வியைத் தாருங்கள் என்று கேட்டு, முதலமைச்சரான கட்சித் தலைவரையே சந்தேகப்பட வைத்தார். பதவிக்கு வந்த முதல் மாதத்தில் மாநிலத்துப் பிரம்புகளை வண்டி வண்டியாக அள்ளி நாற்காலி பின்னக் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் கணினியில் ஒரு எண் கொடுத்து, காணாமல் போகிற பிள்ளை எங்கே போனது என்று கேட்க வழி செய்தார். தனியார் பள்ளி வேன்கள் பாதி வருஷத்தில் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதைத் தடுக்கத்தான் அந்த ஏழாவது பிரிவை எழுதினார். பத்துப் பிள்ளைக்குக் குறைந்த பள்ளிகளை மூடி, பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்க்க வேண்டும் என்ற ஆணையும் அவருடையதுதான். ஒற்றை ஆசிரியரிடம் அரைகுறையாகப் படிப்பதைவிட ஆய்வகமும் நூலகமும் உள்ள இடத்தில் படிக்கட்டுமே என்று நல்ல மனதோடுதான் போட்டார். இவற்றுக்கெல்லாம் மேலே, முப்பது வருஷமாக அவர் நெஞ்சில் சுமந்த பொதுப்பள்ளிச் சட்டம் ஒன்று இருந்தது: கலெக்டர் பிள்ளையும் கொத்தனார் பிள்ளையும் அவரவர் தெருப் பள்ளியிலேயே ஒரே பாயில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதை ஆகஸ்ட் முதல் தேதி சட்டசபையில் வைப்பதாக இருந்தது.

எல்லாரும் போய் வாசல் காலியான பிறகு அவர் டீச்சரைக் கூப்பிட்டார்.

"ஏம்மா பேனாவுல எழுதுனீங்க?"

ஞானசௌந்தரி டீச்சர் பயப்படவில்லை. இருபத்தாறு வருஷம் ஒண்டியாகப் பள்ளிக்கூடம் நடத்தியவருக்குப் பயப்பட நேரம் இருந்ததில்லை.

"ஒன்பது பிள்ளைங்க சார். ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி தலை எண்ண வருவாங்க. பத்து இல்லைன்னா மூடணும்னு உங்க ஆணை."

"அதுக்கு?"

"பொய்ப் பேரு எழுத மனசு வரல. நீங்க நெசமான ஆளு."

ஏழாவது பிரிவைத் திருத்தும் கோப்பு அன்றே சென்னைக்குக் கிளம்பியது. கோப்பு என்றால் அது சட்டத் துறைக்குப் போக வேண்டும், நிதித் துறைக்குப் போக வேண்டும், இரண்டு இடத்திலும் தலா மூன்று சந்தேகங்கள் கேட்கப்பட்டுத் திரும்பி வந்து மறுபடி போக வேண்டும். அமைச்சர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதற்காக அது ஓடவா செய்யும். ஏழு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த ஏழு வாரத்தில் முதல் மூன்று வாரம் வெட்டாங்குளம் மாநிலத்தின் நடுவிடமாக இருந்தது. இடமாறுதல் கேட்கிற ஆசிரியர்கள் சுற்றுச்சுவருக்கு வெளியே வரிசை கட்டினார்கள். சுதந்திரம் வந்த நாளிலிருந்து எட்டிப் பார்க்காத அரசுப் பேருந்து ஒரு நாளைக்கு நான்கு நடை வந்தது. விறகைப் புதைத்து எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர்கள் சீமைக்கருவேலங்காட்டை விட்டு வந்து டீக்கடை வைத்தார்கள். ஒன்றியச் செயலாளர் 'வகுப்பறையில் வாழும் வரலாறே' என்று பத்தடிக்குப் பதாகை கட்டினார். எதிர்க்கட்சிக்காரர்கள் கமுதியில் ஸ்லேட்டும் பல்பமும் ஏந்தி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். படிப்பு ஏறாத பிள்ளைகளின் தாய்மார்கள் அவர் கையால் ஒரு 'அ' போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான்காவது வாரம் எல்லாருக்கும் அலுத்துப்போயிற்று. பேருந்து நின்றது, மனுக்காரர்கள் வேறு ஆள் பார்த்தார்கள், சென்னையில் துறைச் செயலாளர்கள் சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவர் இல்லாமலே கூட்டம் நடத்தப் பழகிக்கொண்டார்கள், பதாகையை ஒரு ஆட்டுக்காரர் கொட்டகைக்குக் கூரையாக எடுத்துப் போனார். ஜெயச்சந்திரன் மட்டும் பள்ளிக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு, இரும்புக் கம்பி வழியாக மாத்திரையும் சலவை வேட்டியும் நீட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சர் தினமும் பெயர் கூப்பிட்டார். முனீஸ்வரி, காளீஸ்வரன், அப்துல் காதர் என்று ஒன்பதையும் கூப்பிட்டு, கடைசியில் "தில்லைமணி" என்பார். முதல் நாள் அவர் முறைத்தார். "பதில் சொல்லலைன்னா வரலைன்னுதான் போடணும் சார்" என்றார் டீச்சர். இரண்டாம் நாளிலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்றார். உயர வரிசையில் கடைசியாக நின்றார், சத்துணவுத் தட்டைத் தானே கழுவினார், பாயின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் போட்ட ஆணைகள் ஒவ்வொன்றாக வந்து இறங்குவதைப் பார்த்தார். யார் காலையில் சாப்பிட்டார்கள், யாருக்குச் செருப்பு அளவு என்ன, எத்தனை மரம் நட்டாயிற்று, எத்தனை பட்டுப்போயிற்று என்று ஒரு நாளைக்குப் பதினான்கு விவரம் போனில் ஏற்ற வேண்டும். சிக்னல் தண்ணீர்த் தொட்டியின் மேல்தான் கிடைக்கும். ஐம்பத்திமூன்று வயது ஞானசௌந்தரி டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறி, வெயிலில் நின்று, பிள்ளைகளைப் பற்றி அரசாங்கத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஐந்து வகுப்புக்கும் பாடம் நடத்தியது நான்காம் வகுப்பு முனீஸ்வரி. ஒன்பது வயதுப் பெண், ஒரு கையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைத்துக்கொண்டே, மறுகையால் மூன்றாம் வகுப்பின் கழித்தல் கணக்கைத் திருத்தினாள். தில்லைமணிக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பெண்ணைப் பற்றிய விவரம் எதுவும் அந்தப் பதினான்கில் இல்லை.

நான்கு மணிக்கு மணி அடித்ததும் ஒன்பது பிள்ளைகளும் அந்த வாசல் வழியே எந்தத் தடையும் இல்லாமல் ஓடிப்போனார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சில நாள் ஆசை விடாமல் அவர்களோடு சேர்ந்து ஓடிப் பார்த்து, தொட்டிக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றார். கூட்டத்தில் நின்றால் ஐம்பதாயிரம் பேரைக் கைதட்ட வைத்த மனிதர், முன்சுவருக்கும் பின்சுவருக்கும் அறுபத்தெட்டு அடி என்பதை நடந்து நடந்து தெரிந்துகொண்டு, சிறையிலாவது விடுதலை தேதி தெரிந்திருந்தது என்று ஜெயச்சந்திரனிடம் சொல்லி அழுதார். ஜெயச்சந்திரன் கம்பிக்குள் கையை விட்டு அவர் தோளைத் தட்டினார்.

முனீஸ்வரியின் அம்மா ராக்கு கரிமூட்டத்து வேலை முடிந்து, கண்ணும் பல்லும் மட்டும் வெளுப்பாகத் தெரிய, மகளைக் கூட்டிப்போக வருவாள். ஜூலை கடைசியில் ஒரு நாள் தில்லைமணிதான் அவளிடம் பேச்சைத் தொடங்கினார்.

"இந்தப் பள்ளிக்கூடத்தை மூடினா பெரிய பள்ளிக்கூடம் இருக்கேம்மா, ரோட்டு மேல. கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு."

"ஆறு கிலோமீட்டருய்யா. கருவக்காட்டுக்குள்ள மூணு, பெரிய ரோட்டுல மூணு. லாரி போற போக்கு உங்களுக்குத் தெரியாது. பொட்டப்புள்ளய ஒத்தையில எப்பிடி அனுப்புவேன்?"

"வேன் விடச் சொல்லி ஆணையில எழுதியிருக்கேன்."

"எழுதியிருப்பீக. இங்கிட்டு வந்துச்சா? பக்கத்தூரு மேல்குடியில பள்ளிக்கூடத்த மூடி ரெண்டு வருசமாச்சு. பொம்பளப் புள்ளைக அம்புட்டும் ஆட்டுக்குப் பின்னாடிதேன் திரியுதுக. எம்மக டீச்சரு வேலைக்குப் படிப்பேங்கிறா. மூடுனா எங்கூடக் கரி அள்ள வரவேண்டியதுதேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை, கையெடுத்துக் கும்பிடவுமில்லை. மகள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி காலையில் கோப்பு வந்தது. எல்லாக் கையெழுத்தும் விழுந்து, கடைசியில் அமைச்சர் கையெழுத்துக்கு மட்டும் இடம் இருந்தது. ஜெயச்சந்திரன் காரைத் துடைத்து முகப்பில் கொடி மாட்டிவிட்டார். இப்போது கிளம்பினால் மதுரையில் விமானம் பிடித்து ராத்திரிக்குள் சென்னை வீட்டில் இருக்கலாம், மறுநாள் காலை பத்து மணிக்குச் சட்டசபையில் இருக்கலாம். தில்லைமணி பேனாவைத் திறந்தார். பாயில் ஒன்பது பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேனாவை மூடிவிட்டு, தொட்டி மேல் ஏறித் தலைவருக்குப் போன் போட்டார்.

"என்னய்யா தில்லை, பாஸ் பண்ணிட்டியா?" என்றார் தலைவர்.

"அண்ணே, இந்த ஒரு பள்ளிக்கு மட்டும் விலக்கு வேணும்."

"ஒண்ணுக்குக் குடுத்தா ஆயிரத்துக்குக் குடுக்கணும், விலக்கே கூடாதுன்னு மந்திரிசபையில மேசையைத் தட்டினது நீதான்யா."

"சட்டத்தை நாலு நாள் தள்ளி வைங்கண்ணே. நாளைக்கு எண்ணிட்டுப் போனதும் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."

"ஏழு வாரமா ஒரு துறையே தலை இல்லாம இருக்கு. நாளைக்குச் சபையில நீ இல்லைன்னா, சட்டமும் இல்ல, இலாகாவும் இல்ல. ஒன்பது பிள்ளைக்காக ஒரு கோடிப் பிள்ளைங்களை விடுவியா? யோசிச்சுக்கோ."

அவர் தொட்டியிலிருந்து இறங்கவில்லை. ஒரு கோடியை அவர் மேடையில் நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் கீழே விரலைப் பிடித்து எழுதவைத்துக்கொண்டிருந்தவளுக்குப் பெயர் இருந்தது. போய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தால் ஒரு நாள் இவளைப் போன்றவர்களுக்கு எல்லாம் சரியாகும் என்பது நிஜம். நாளைக்கு இவள் கரி அள்ளப் போவாள் என்பதும் நிஜம். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் உள்ளேதான் ஊன்றியது. முப்பது வருஷக் கனவை நினைத்து, தன்னைப் பெற்றவர்களை நினைத்து, டீச்சர் சாப்பிடக் கூப்பிடும்வரை அவர் அந்த வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வந்து கோப்பை ஜெயச்சந்திரனிடம் கம்பி வழியாகக் கொடுத்தார்.

"நாளைக்குப் போடறேன்யா."

"ஐயா, நாளைக்கு உங்க கையெழுத்து செல்லாதுங்க."

"தெரியும்."

ஆகஸ்ட் முதல் தேதி தலை எண்ணுகிறவர்கள் வந்தார்கள். பத்து இருந்தது. ராக்கு அன்று வேலைக்குப் போகாமல் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒரு செம்பு மோரைக் கம்பி வழியாக நீட்டினாள். சாயங்காலம் புதிய கல்வியமைச்சர் பதவியேற்றார். பொதுப்பள்ளிச் சட்டத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு போட்டால் என்ன அர்த்தம் என்று தில்லைமணிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான்காம் நாள் புதிய அமைச்சர் தன் முதல் ஆணையில் கையெழுத்திட்டார். முன்னவரின் தொலைநோக்குச் சீர்திருத்தத்தை மேலும் செம்மைப்படுத்தி, குறைந்தபட்ச எண்ணிக்கையைப் பத்திலிருந்து பதினைந்தாக உயர்த்தியிருந்தார். ஆணையின் முதல் பத்தியில் தில்லைமணியை மனமாரப் புகழ்ந்திருந்தது.

மத்தியானத்துக்குள் மாவட்டக் கல்வி அதிகாரி பூட்டோடு வந்துவிட்டார். பாயைச் சுருட்டினார்கள், கரும்பலகையைக் கழற்றினார்கள், ஞானசௌந்தரி டீச்சருக்கு அறுபது கிலோமீட்டர் தள்ளி வேலை போட்டிருந்தது. அவர் சாக்பீஸ் பெட்டியைத் தில்லைமணி கையில் கொடுத்துவிட்டு, "நீங்க போயிருக்கலாம் சார்" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பதிவேட்டை மூடி அரக்கு வைத்ததும் எல்லாரும் வெளியேறினார்கள், கடைசியாக அவரும். முன்வாசலைத் தாண்டி வைத்த கால் ரோட்டுப் புழுதியிலேயே ஊன்றியது. மூடிய பள்ளிக்கூடம் யாரைப் பிடித்து வைக்கும்?

ஜெயச்சந்திரன் தன் சொந்தக் காரின் கதவைத் திறந்து பிடித்திருந்தார். ரோடு இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் நீளமாகக் கிடந்தது. தில்லைமணி காரை நோக்கி நான்கு எட்டு வைத்தார். எதிரே ராக்கு மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி அழவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"காலையில எட்டு மணிக்கு நான் வரேம்மா. ஒன்பது பேரையும் நானே நடத்திக் கூட்டிட்டுப் போறேன். நாலு மணிக்குத் திரும்பக் கொண்டாந்து விடறேன்."

ராக்கு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு நாளு வருவீக. பொறவு?"

"தினமும்."

"ஒரு நாளு நீங்க வரலைன்னாலும் அன்னையோட நிறுத்திப்புடுவேன். பொறவு என்னையக் கொறை சொல்லக் கூடாது."

"சரி" என்றார் அவர். அந்த ஒரு சொல்லை எந்த அதிகாரியும் எழுதிக்கொள்ளவில்லை, எந்தக் கணினியிலும் ஏறவில்லை.

அன்றிலிருந்து கருவேலங்காட்டுக்குள் மூன்று கிலோமீட்டரும் பெரிய ரோட்டில் மூன்று கிலோமீட்டரும் வெட்டாங்குளத்திலேயே தங்கிவிட்ட முன்னாள் அமைச்சர் ஒருவர் காலையிலும் மாலையிலும் ஒன்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். லாரிக்காரர்களுக்கு அவர் சைகை பழகிவிட்டது. கட்சி அழைப்பிதழ் ஒன்றிரண்டு வந்தது, போகவில்லை. மனைவி வந்து பத்து நாள் தங்கிப் பார்த்துவிட்டு, காய்ச்சலிலும் எழுந்து போகிறவரிடம் பேசிப் பயனில்லை என்று சிதம்பரத்துக்குத் திரும்பினார். தலைவர் ஒரு முறை ராஜ்யசபா என்று ஏதோ சொல்லி அனுப்பினார். வழி நாலு பக்கமும் திறந்துதான் இருக்கிறது. சில காலைகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் வருகிற லாரியில் ஏறிக்கொள்ள வேண்டும் போல அவருக்கு வெறி வரும். முனீஸ்வரி அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்பை முடித்துவிடுவாள் என்று கணக்குப் போடுவார். ஒன்றாம் வகுப்புப் பையன் முடிக்க ஐந்து வருஷம் ஆகும் என்பதும் உடனே ஞாபகம் வரும். அப்போது தனக்கு அறுபத்தேழு, அதற்குப் பிறகு போய்விடலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்வார்.

மார்கழியில் ஒரு காலை, ஒன்பது பிள்ளைகளும் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, காட்டுப் பாதையில் மேல்குடியிலிருந்து ஒருத்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவளுக்குப் பின்னால் எண்ணெய் வைத்துத் தலை வாரிய நான்கு பெண் பிள்ளைகள் வந்தார்கள், இடுப்பில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

"வெட்டாங்குளத்துப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போறது நீங்கதானாய்யா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள். "இந்த நாலையும் உங்களோட அனுப்புறோம். இவ வளந்ததும் இவளையும் அனுப்புவேன்."

தில்லைமணி இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். அதற்கு இன்னும் பல் முளைக்கவில்லை. அவர் பெரிய ரோடு இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, குழந்தையிடம் குனிந்து, "உன் பேரென்ன கண்ணு?" என்று கேட்டார்.